அஞ்சலைக் கைமாற்றும் யந்திரமும் அடைக்கப்படாத கதவுகளும்

திருவல்லிக்கேணிக்கு வடபுறத்தில் சேப்பாக்கத்தைக் கடந்தால் வரும் சுவாமி சிவானந்தா சாலையில், தொலைக்காட்சி நிலையம் இருக்கும் அதே சாலையிலேயே, விதேஷ் சஞ்சார் பவன் என்ற பெயருடைய கட்டடத்தை நம்மில் பலர் பஸ்ஸிலிருந்து பார்த்தபடியே கடந்து போயிருக்கிறோம். கடல் கடந்த தேசங்களோடு தொலைபேசியில் பேசுவதற்கு ஒரு காலத்தில் ஏகபோக உரிமை பெற்று விளங்கிய விதேஷ் சஞ்சார் நிகாமின் சென்னை அலுவலகமாக இருந்தது அது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் அந்த ஸ்தாபனம் பொதுஜனங்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியபோது, இந்நகரத்துச் சந்தாதாரர்களுக்குக் கிடைத்த மின்னஞ்சல் விலாசத்தின் பின்பாதியில் 'ஜியாஸ் எம்.டி. 01' என்று ஒரு யந்திரத்தின் பெயர் சேர்ந்தே வந்தது. மோடத்தின் கரகரப்பைப் பொறுமையோடு கேட்டுக் காத்திருந்து, ஒருவர் தம் வீட்டிலிருந்து அமெரிக்காவிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதினார் என்றால், அந்தக் கடிதத்தை அவருடைய கணிப்பொறி அமெரிக்காவுக்கு அனுப்பவில்லை. சந்தாதாரர்கள் அனைவர் சார்பிலும் கடிதங்களை ஏற்றுக்கொண்டு, உரிய இடத்துக்கு உரிய வழியில் தள்ளிவிடும் கடமையை மேற்கொண்ட அந்த யந்திரந்தான் அனுப்பியது. இப்படி ஒருவரிடமிருந்து வாங்கி மற்றொருவரிடம் கைமாற்றும் காரியத்துக்கு 'ரிலே' என்று பெயர்.

உண்மையில் இந்தியாவின் மின்னஞ்சல் சரித்திரமே ரிலேயில்தான் ஆரம்பமாகிறது. 1986ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 'எர்நெட்' என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பை உருவாக்க முனைந்தபோது, அடையாற்றுக்கு அப்பால் உள்ள நம் ஐ.ஐ.டி.யும், மற்ற நான்கு ஐ.ஐ.டி.க்களும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் சேர்ந்தன. அந்நாளில் நிரந்தரமான கம்பித் தொடர்பு கிடையாது. ஒரு யந்திரம் மற்றொரு யந்திரத்துக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுத்து, சேர்ந்திருக்கும் கடிதங்களை ஒப்படைத்து, தனக்கு வந்திருப்பவற்றை வாங்கிக்கொண்டு தொடர்பைத் துண்டித்துவிடும். 1989ஆம் ஆண்டில் பம்பாய் மையத்துக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்திலிருந்த 'யூயூநெட்' ஸ்தாபனத்துக்கும் இடையே வினாடிக்கு 9,600 துணுக்குகளைச் சுமக்கும் நிரந்தரத் தொடர்பு ஏற்பட்ட பிறகு, இந்தியப் பேராசிரியர்களின் வெளிநாட்டுக் கடிதங்கள் பம்பாயில் கூடி, அந்த ஒற்றைக் கம்பியின் வழியே உலகத்தை எட்டின. இன்று ஒரு கைப்பேசிப் படம் எடுத்துக்கொள்ளும் இடத்தை நிரப்ப அந்தக் கம்பிக்கு அரை மணிக்கு மேல் பிடித்திருக்கும். ஆயினும் அதைக் கொண்டே ஒரு தேசத்தின் அறிவுலகம் கடிதப் போக்குவரத்து நடத்தியது. பம்பாய் மையத்தின் தலைவராக இருந்து இந்தக் காரியங்களை நடத்திய ஸ்ரீநிவாசன் ரமணியை, 2014ஆம் ஆண்டில் இணையப் புகழ்க்கூடத்தில் சேர்த்துக் கௌரவித்தார்கள்.

ரிலே என்பது இவ்வளவு புனிதமான காரியமாயிருக்க, அதுவே பின்னர் ஏன் நிர்வாகிகள் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் விஷயமாயிற்று என்பதை அறிய, யந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1982ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜான் போஸ்டல் என்ற அறிஞர் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்ற ஒப்பந்த முறையே இன்றைக்கும் அடிப்படை. திருவல்லிக்கேணி தபாலாபீசில் போட்ட கடிதம் திருநெல்வேலிக்குப் போக வேண்டுமானால், இங்குள்ள தபால்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருநெல்வேலிக்கே போய்விடுவதில்லை. 600005 முத்திரை விழுந்ததும் அது மூட்டையில் கட்டப்பட்டு அடுத்த நிலையத்துக்குப் போகிறது. அதற்கு மேல் அந்த நிலையத்தின் பொறுப்பு. எஸ்.எம்.டி.பி.யும் அவ்வண்ணமே: வருகிற யந்திரம் முதலில் வந்தனம் சொல்லித் தன் பெயரைத் தெரிவிக்கிறது, பிறகு அனுப்புநர் இன்னார் என்கிறது, பெறுநர் இன்னார் என்கிறது, அதன்பின் கடிதத்தின் உள்ளடக்கத்தைக் கொடுக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மறுபக்கத்து யந்திரம் ஓர் எண்ணால் விடை சொல்லும். 250 என்றால் சம்மதம். நானூறுகளில் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா'. ஐந்நூறுகளில் தொடங்கினால் 'ஒருபோதும் முடியாது'. சம்மதம் சொல்லிவிட்ட கணத்திலிருந்து கடிதத்தைச் சேர்ப்பிக்கவோ, சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் திருப்பித் தெரிவிக்கவோ அந்த யந்திரம் கடமைப்பட்டதாகிறது.

இந்தச் சம்பாஷணையில் 'நீ சொல்லும் அனுப்புநர் நீதானா?' என்ற கேள்வியே இல்லாதிருந்ததைக் கவனியுங்கள். சர்வகலாசாலைகளும் ராணுவ ஆராய்ச்சிக் கூடங்களுமாகச் சில நூறு ஸ்தாபனங்கள், ஒருவரையொருவர் அறிந்த நிலையில், யார் வீட்டுக் கடிதமானாலும் வழியில் இருப்பவன் வாங்கி அப்பால் கொடுப்பது மரியாதை என்று கருதிய காலம் அது. எரிக் ஆல்மன் பெர்க்கிலி சர்வகலாசாலையில் எழுதிய 'சென்ட்மெயில்' என்ற நிரலும் அந்த மரியாதையையே தன் சுபாவமாகக் கொண்டிருந்தது; எவனோ ஒருவன் எவனோ மற்றொருவனுக்குக் கொடுக்கும் கடிதத்தை, இருவரில் ஒருவரும் தன் வீட்டுக்காரர் அல்ல என்று தெரிந்தும், மறுக்காமல் வாங்கிக் கைமாற்றியது. இப்படி நடந்துகொள்ளும் யந்திரத்தைத்தான் 'ஓபன் ரிலே' என்கிறார்கள்.

இந்தப் பெருந்தன்மைக்கு வந்த கேடு விளம்பரக்காரர்களால் வந்தது. 1978ஆம் ஆண்டு மே மாதத்திலேயே டிஜிட்டல் ஈக்விப்மென்ட் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர், தங்கள் புதிய கணிப்பொறியைக் காண வருமாறு கேட்காதவர்கள் நானூறு பேருக்குச் சமீபமாக ஒரே கடிதத்தை அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார் என்றாலும், தொண்ணூறுகளின் நடுவில் இணையம் வியாபாரத்துக்குத் திறக்கப்பட்ட பிறகுதான் அது பெருநோயாயிற்று. பத்து லட்சம் பேருக்குக் கடிதம் எழுத ஆசைப்பட்டவன், தன் யந்திரத்தையும் தன் கம்பியையும் தேய்க்காமல், எங்கோ ஒரு கல்லூரியின் மூலையில் திறந்து கிடந்த ரிலேயைக் கண்டுபிடித்து, கடிதம் ஒன்றைக் கொடுத்து, ஆயிரக்கணக்கான பெறுநர் பெயர்களையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். இரவு முழுவதும் உழைத்துத் தேய்வது அந்தக் கல்லூரியின் யந்திரம். காலையில் வசவுக் கடிதங்கள் வந்து குவிவதும் அந்தக் கல்லூரியின் வாசலில்தான். 1997ஆம் ஆண்டில் பால் விக்ஸி முதலியவர்கள் இத்தகைய யந்திரங்களின் எண்களைத் தொகுத்துக் கறுப்புப் பட்டியல் வெளியிட ஆரம்பித்ததும் தண்டனை கடுமையாயிற்று. பட்டியலில் ஏறிய யந்திரத்திலிருந்து வரும் கடிதத்தை, அது உண்மையான பேராசிரியர் உண்மையான மாணவனுக்கு எழுதியதானாலும், உலகம் வாங்க மறுத்தது.

1998ஆம் ஆண்டு மே மாதம் வெளியான சென்ட்மெயில் 8.9 பதிப்பு, நிர்வாகி வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அந்நியர் கடிதத்தைக் கைமாற்றுவதில்லை என்று தன் சுபாவத்தையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வீட்ஸே வெனெமா என்ற டச்சு அறிஞர் 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற புதிய நிரலை வெளியிட்டார். ஒரே பெரும் நிரல் சர்வ அதிகாரங்களோடும் சகல வேலைகளையும் செய்வதே ஆபத்து என்று கண்டு, வாங்குவதற்கு ஒன்று, வரிசையில் வைப்பதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று என்று பல சிறு நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் காரியத்துக்கு வேண்டிய அதிகாரத்துக்கு மேல் கொடாமல் அவர் அதைக் கட்டினார். நான் அறிந்த மென்பொருள் சிற்பங்களில் இதைப் போல் மனத்துக்கு நிறைவளிப்பது வேறு அதிகம் இல்லை. பணக்கார நாடுகள் இவ்வாறு திருந்திய பின்னும் வளரும் நாடுகளில் நிலைமை நெடுநாள் சிக்கலாகவே இருந்தது. பயிற்சி பெற்ற நிர்வாகிகள் குறைவு என்பதோடு, மேல் நாட்டார் எரிச்சலில் ஒரு தேசத்தின் எண்கள் அனைத்தையும் மொத்தமாகத் தடுத்துவிடும் அநியாயமும் சேர்ந்தது. சுரேஷ் ராமசுப்பிரமணியன் என்பவர் 2005ஆம் ஆண்டில் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி ஸ்தாபனத்துக்காக எழுதிய அறிக்கை, வளரும் நாடுகளின் இந்தக் கஷ்டங்களையே விஷயமாகக் கொண்டது.

இனி இன்றைய திருவல்லிக்கேணிக்கு வருவோம். பாரதி சாலையிலோ எல்லீஸ் ரோட்டிலோ ஒரு சிறு பதிப்பகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணிப்பொறி ஒன்றில், பக்கத்து மேன்ஷனில் தங்கியிருக்கும் சிஸ்டம் அட்மின் இளைஞர் ஒருவர் டெபியன் லினக்ஸை நிறுவிக் கொடுத்திருக்கிறார். பில் போடும் நிரல் வாடிக்கைக்காரருக்கு ரசீதை அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஸ்கேனர் மெய்ப்புப் பக்கங்களை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். இரவில் பிரதி எடுக்கும் வேலை தவறினால் முதலாளிக்குத் தகவல் போக வேண்டும். இதற்காக அந்தக் கணிப்பொறியே நேராக உலகத்தின் ஒவ்வொரு அஞ்சல் யந்திரத்தையும் தேடிப் போய்க் கதவைத் தட்டலாமே என்று தோன்றும். தட்டலாம்; யாரும் திறக்க மாட்டார்கள். வீட்டு இணைப்புகளுக்கும் சிறு கடை இணைப்புகளுக்கும் நாளுக்கொன்றாக மாறும் எண்களைக் கொடுக்கும் கம்பெனிகள் பலவும், 25ஆம் எண்ணுள்ள வெளிவாசலை அடைத்தே வைத்திருக்கின்றன; அடைக்காவிட்டாலும், கீர்த்தியில்லாத எண்ணிலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய ஸ்தாபனங்கள் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. இந்த டொமைனின் பெயரால் கடிதம் அனுப்ப இன்னின்ன யந்திரங்களுக்கே உரிமையுண்டு என்று பறைசாற்றும் எஸ்.பி.எஃப்., கடிதத்தின் மேல் ரகசிய முத்திரை பதிக்கும் டி.கே.ஐ.எம். ஆகிய ஏற்பாடுகளில் ஒன்றேனும் இல்லாத கடிதத்தை 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் வரவேற்பதில்லை; மொத்தமாக அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும்.

ஆகையால் என் தீர்மானமான அபிப்பிராயம் இது: சிறு அலுவலகம் முழு அஞ்சல் நிலையம் நடத்த ஆசைப்படலாகாது. தன் வீட்டு யந்திரங்களிடமிருந்து மட்டும் வாங்கி, பணம் கொடுத்து ஏற்படுத்திக்கொண்ட ஒரே பெரிய நிலையத்திடம் அனைத்தையும் ஒப்படைத்துவிடும் துணை நிலையமாக இருந்தால் போதும். அந்தப் பெரிய நிலையத்துக்கு 'ஸ்மார்ட் ஹோஸ்ட்' என்று பெயர். போஸ்ட்ஃபிக்ஸை டெபியனில் நிறுவும்போதே, 'எவ்வகை நிலையம்?' என்று அது கேட்கும். முழு இணைய நிலையம் என்ற விருப்பத்தைப் பலர் படிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். 'சாட்டிலைட் சிஸ்டம்' என்று கீழே இருப்பதே நமக்கு உரியது.

அதன் பின்னர் 'மெயின்.சி.எஃப்.' என்ற கோப்பில் சில வரிகளைப் பார்த்து எழுத வேண்டும். 'ரிலேஹோஸ்ட்' என்ற வரியில் பெரிய நிலையத்தின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, அதன் பக்கத்தில் 587 என்ற வாசல் எண்ணைச் சேர்க்க வேண்டும். அடைப்பு இல்லாவிட்டால் நிரல் அந்தப் பெயரையே ஒரு விலாசமாகக் கருதி, அதற்குரிய அஞ்சல் யந்திரம் எதுவென்று வேறிடத்தில் விசாரிக்கப் போய்விடும். 25ஆம் வாசல் யந்திரமும் யந்திரமும் பேசுவதற்கு. 587 என்பது தன்னை நிரூபித்துக்கொண்ட வாடிக்கைக்காரன் கடிதம் ஒப்படைப்பதற்கு. இப்பிரிவும் 1998 டிசம்பரில் ஏற்பட்டதே. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் எழுதி, அதை யந்திரத்தின் தலைமை நிர்வாகியான 'ரூட்' ஒருவரே படிக்கும்படி பூட்டி, தொடர்பு மறைகுறியாக்கப்பட்டாலன்றிக் கடவுச்சொல்லைச் சொல்லாதே என்றும் கட்டளையிட வேண்டும். இதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்வது விவேகம். முதலாளியின் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லையே இங்கே எழுதிவைப்பவர்கள் உண்டு. இந்நாளில் கேட்காத விளம்பரக் கடிதங்களை அனுப்பும் ஸ்பாம்காரர்கள் திறந்த ரிலேயைத் தேடி அலைவதைக் காட்டிலும் திருட்டுக் கடவுச்சொல்லைத் தேடி அலைவதே அதிகம் என்பதை அவர்கள் அறியார்கள்.

'மைநெட்வொர்க்ஸ்' என்ற வரிதான் எல்லாவற்றிலும் ஜீவாதாரமானது. யாரிடமிருந்து நிபந்தனையின்றிக் கடிதம் வாங்கலாம் என்பதை அது சொல்கிறது. தன்னையும், ஸ்கேனரையும், பில் போடும் கணிப்பொறியையும் மட்டும் எண் எண்ணாக அதில் எழுதினால் போதும். 'வேலை செய்யவில்லையே' என்ற அவசரத்தில் யாரோ சொன்னார்கள் என்று அங்கே வரிசையாகச் சூனியங்களை எழுதி, ஒரு சாய்கோடும் போட்டு, அதன்பின் இன்னொரு சூனியத்தையும் எழுதிவிட்டால், வேலை செய்யும். உலகம் முழுவதும் தன் வீட்டார் என்று பொருள்படும் அந்த வரியால், 1998க்கு முந்திய தர்மசாலையை மறுபடியும் திறந்தவராவோம்.

மற்றொரு வரியைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் இதில் அகப்பட்டுக்கொண்டவர்கள் நாள்கணக்கில் விழிப்பதுண்டு. 'மைடெஸ்டினேஷன்' என்பது எந்தெந்தப் பெயர்களுக்கு வரும் கடிதங்களுக்குத் தானே கடைசி நிலையம் என்று யந்திரம் நினைத்துக்கொள்ளும் பட்டியல். பதிப்பகத்தின் டொமைன் பெயரை, நம்முடையதுதானே என்ற உரிமையில், அதில் எழுதிவிடுகிறார்கள். அதன் பலன் விசித்திரமானது: வெளியூர் ஆசிரியர்களுக்குக் கடிதங்கள் ஒழுங்காகப் போகும், ஆனால் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் கணக்கருக்கு எழுதினால், அப்படி ஒருவர் இங்கு இல்லை என்று திரும்பி வரும். கணக்கரின் அஞ்சல் பெட்டி பெரிய நிலையத்தில் இருக்க, இந்த யந்திரம் தன்னிடமே அவரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரிக்கிறது. துணை நிலையத்துக்கு இந்தப் பட்டியல் காலியாக இருப்பதே லட்சணம். 'ரூட்' என்றும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றும் யந்திரம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட அனுப்புநர் பெயரை, வெளியே போகுமுன் பதிப்பகத்தின் உண்மையான விலாசமாக மாற்றவும் வேண்டும். பெரிய நிலையம் பெயர் தெரியாதவன் கடிதத்தை வாங்காது. இதற்கும் மேலாக, அந்தக் கணிப்பொறி தன் சொந்தக் கடிதங்களை மட்டும் அனுப்பினால் போதும், ஸ்கேனர் முதலியவை இல்லை என்றால், 'இனெட் இன்டர்ஃபேசஸ்' என்ற வரியில் 'லூப்பேக் ஒன்லி' என்று எழுதி, வெளியார் தட்டக்கூடிய கதவையே இல்லாமற் செய்துவிடலாம். கடைசியாக, கம்பி அறுந்துபோனால் கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக ஐந்து நாள் வரை முயன்று பார்த்த பிறகே தோல்வியை ஒப்புக்கொள்ளும். அதற்குள் தகவல் ஒன்றும் வராது என்பதால், நான்கு மணி நேரம் தாமதமானாலே எச்சரிக்கும்படி ஒரு வரி சேர்ப்பது நலம்.

யந்திரத்தின் அஞ்சல் காரியம் இவ்வளவே. ஆனால் அதே யந்திரத்தில் நாம் கேட்காமலே எத்தனையோ காரியங்கள் நடந்துகொண்டிருக்கும். அவற்றை நிறுத்துவது அஞ்சலை ஒழுங்கு செய்வதற்குச் சிறிதும் குறைந்த வேலை அல்ல. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, கார்னெல் சர்வகலாசாலை மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நிரல், அந்நாளைய இணையத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் யந்திரங்களை ஸ்தம்பிக்கச் செய்ததாக மதிப்பிட்டார்கள். அது நுழைந்த வாசல்களைப் பாருங்கள். ஒன்று, சென்ட்மெயிலில் பிழை திருத்துவதற்காக வைத்து, திருத்தி முடிந்த பின்னும் மூடாமல் விட்டிருந்த 'டீபக்' வசதி. மற்றொன்று, இன்னார் இப்போது யந்திரத்தில் இருக்கிறாரா என்று தூரத்திலிருந்து விசாரிப்பவருக்கு விடை சொல்லும் 'ஃபிங்கர்' என்ற சேவை. அன்றாடக் காரியத்துக்கு இவ்விரண்டும் எத்தனை பேருக்கு அவசியமாக இருந்திருக்கும்? மோரிஸுக்கு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும், நானூறு மணி நேர சமூக சேவையும், பத்தாயிரம் டாலருக்குச் சற்று அதிகமான அபராதமும் கிடைத்தன.

வேண்டாத சேவையின் அனர்த்தத்தில் நகைச்சுவையும் உண்டு. பழைய யூனிக்ஸ் யந்திரங்களில், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் 'எக்கோ' என்ற சேவையும், கேட்டால் எழுத்துக்களைச் சரமாரியாகப் பொழியும் 'சார்ஜென்' என்ற சேவையும், பரிசோதனைக்காக வைத்தவை, ஓடிக்கொண்டிருந்தன. பொய் விலாசம் இட்ட ஒரே ஒரு பொட்டலத்தால் ஓர் யந்திரத்தின் எக்கோவையும் மற்றோர் யந்திரத்தின் சார்ஜெனையும் பேச்சுக்கு இழுத்துவிட்டால், ஒன்று பொழிய மற்றொன்று திருப்ப, இரண்டும் ஓயாமல் பேசிக்கொண்டே கம்பியை அடைத்துவிடும் என்று 1996ஆம் ஆண்டில் எச்சரிக்கை வெளியாயிற்று. இதன் பெரிய தம்பியை 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி உலகம் கண்டது. வலைத்தளங்களை வேகப்படுத்துவதற்கு உள்வீட்டில் வைத்துக்கொள்ளும் 'மெம்கேஷ்டு' என்ற நிரல், யாரும் கேட்காமலே வெளியுலகுக்கு யு.டி.பி. வாசல் ஒன்றைத் திறந்து வைத்திருந்ததால், ஆயிரக்கணக்கான அப்பாவி யந்திரங்கள் சேர்ந்து கிட்ஹப் ஸ்தாபனத்தின் மேல் வினாடிக்கு 1.35 டெராபிட் வெள்ளத்தைப் பாய்ச்சின. அந்த யந்திரங்களின் சொந்தக்காரர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. திறந்த ரிலேயும் திறந்த சேவையும் ஒரே குற்றம் என்று நான் சொல்வது இதனால்தான். அலட்சியம் ஒருவனுடையது, துன்பம் அயலானுடையது.

நம் பதிப்பகத்துக் கணிப்பொறியில் எந்தெந்த வாசலில் யார் காத்திருக்கிறார்கள் என்பதை 'எஸ்.எஸ்.' என்ற சிறு கட்டளை ஒரே பக்கத்தில் காட்டிவிடும். அச்சு யந்திரத்தை ஆளும் கப்ஸ் 631ஆம் வாசலில் இருக்கும். அச்சு யந்திரம் வேறு கணிப்பொறியோடு இணைந்திருந்தால் இதற்கு இங்கே வேலையில்லை. சுற்றுப்புறத்துச் சாதனங்களை நாடும் அவாஹி, கோப்புப் பகிர்வுக்கான சாம்பா, எப்போதோ சோதித்துப் பார்க்கப் போட்ட அப்பாச்சியும் மைஎஸ்க்யூஎல்லும், பழைய எஃப்.டி.பி. என்று வரிசை நீளும். ஒவ்வொன்றுக்கும் நேராக, யாருக்காக என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுத முடியாதது போக வேண்டியது.

போகச் செய்வதிலும் படிகள் உண்டு. 'சிஸ்டம்சிடிஎல்' என்ற கட்டளையால் ஒரு சேவையை 'ஸ்டாப்' என்று நிறுத்தினால், அது இப்போதைக்கு நிற்கும். மின்சாரம் போய் வந்ததும் பழையபடி எழுந்துவிடும். 'டிஸேபிள்' என்றால் தானாக எழாது. ஆனால் வேறொரு சேவை அதைத் துணைக்கு அழைத்தால் எழுந்து வரும். 'மாஸ்க்' என்றால் யார் அழைத்தாலும் வராது. எல்லாவற்றிலும் உத்தமம், அந்தப் பொதியையே யந்திரத்திலிருந்து நீக்கிவிடுவது. இல்லாத நிரலுக்கு ஓட்டையும் இல்லை, திருத்தம் போட வேண்டிய கவலையும் இல்லை. ஃபயர்வால் இருக்கிறதே, வாசலை அது அடைத்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்பார்கள். அடைக்கும், ஆனால் என்றைக்கோ ஒரு நாள் யாரோ ஒரு காரியத்துக்காக ஃபயர்வாலைத் தளர்த்தும்போது, பின்னால் காத்திருப்பவை எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

உற்சாக மிகுதியில் எல்லாவற்றையும் நிறுத்தத் தொடங்குகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தூரத்திலிருந்து யந்திரத்தைப் பராமரிப்பவர் எஸ்.எஸ்.எச்.ஐ நிறுத்திவிட்டால், மறுநாள் நேரில் வந்துதான் நிற்க வேண்டும். கடிகாரத்தைச் சரிப்படுத்தும் சேவையும், நடந்ததைப் பதிவு செய்யும் சேவையும் ஒருபோதும் நிறுத்தத் தக்கவை அல்ல; கடிதம் எப்போது வந்தது, எப்போது போயிற்று, யார் மறுத்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி மத்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவும், கம்பெனிகள் தங்கள் யந்திரங்களின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும், கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேரத்தோடு இணைக்க வேண்டும், பாதுகாப்பு மீறல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது.

எல்லாம் முடிந்த பின், அலுவலகத்தின் இணைப்பை விட்டுவிட்டு, கைப்பேசியின் இணைப்பிலிருந்து அந்த யந்திரத்தின் 25ஆம் வாசலைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், விடை வரக்கூடாது. உள்ளேயிருந்து, 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் இல்லாத ஒரு கணிப்பொறியைக் கொண்டு வெளியாருக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ரிலே ஆக்ஸஸ் டினைட்' என்று அது மறுக்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்குக் கால் மணி நேரம் பிடிக்காது. இதையெல்லாம் படிக்கும் உங்களுக்கு லினக்ஸ் தெரிய வேண்டும் என்பதில்லை. உங்கள் அலுவலகத்தின் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அடுத்த முறை வரும்போது, எந்தெந்த வாசல் யாருக்காகத் திறந்திருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள். காரணம் சொல்ல முடியாமல் அவர் பேனா நிற்கும் வரி ஒன்றாவது அதில் இருக்கும். அதை அன்றைக்கே நீக்கிவிடச் சொல்லுங்கள்.